நாக்கில் வைத்த மாத்திரை

வருகிற தை மாதம் நம் கோயில் பங்கிலிருந்து பிள்ளைகள் மறுபடியும் இலங்கைக்குப் போகப்போகிறார்கள். போன தடவை எனக்கு வந்த காய்ச்சலைப் பற்றியும், ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களைப் பற்றியும் எழுதிக் கொடுங்கள், போகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று பங்குச்சாமியார் கேட்டார். நான் வாயால் சொல்கிறேன், வேறு யாராவது எழுதட்டும் என்றேன். நீங்களே எழுதினால்தான் நம்புவார்கள் என்றார். ஞானோபதேசப் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்ததோடு என் படிப்பு முடிந்தது. ஒரு பக்கம் எழுத ஒரு நாள் ஆகிறது. ஆகட்டும். எனக்கு இப்போது வேறு அவசரம் இல்லை.

என் பெயர் செபஸ்தியம்மாள். செவத்தியம்மா என்றால் கடற்கரையில் தெரியாதவர்கள் கிடையாது. என் வீட்டுக்காரர் சங்கு குளித்தவர். அவர் போன பிறகு முப்பது வருஷம் சங்கு குடோனில் சங்கு எண்ணிப் பிரிக்கும் வேலை பார்த்தேன். பலகையில் வட்டமாகத் துளை போட்டிருக்கும். அதில் நுழைந்து விழுகிற சங்கு சிறுசு, அதைக் கடலுக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும். தங்குகிறதுதான் கணக்கு. நான் எண்ணி வைத்த குவியலை இன்னொருத்தர் மறுபடி எண்ணிப் பார்த்தது கிடையாது. இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன். அந்தப் பெருமையினால் வந்தது என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அந்த வருஷம் அடித்த புயலில் இலங்கையின் மேற்குக் கரையில், நம்மைப் போலவே வலை போட்டுப் பிழைக்கிற ஒரு வேதக்கார ஊரில், வீடுகளின் கூரையெல்லாம் பறந்துவிட்டன. நம் பங்கு வாலிபர்கள் வீடு வீடாகப் போய் அரிசி, துணி, வலைநூல், தென்னங்கிடுகு எல்லாம் சேர்த்தார்கள். ஒரு மாதம் அங்கே தங்கிக் கூரை வேய்ந்து கொடுப்பது, சமைத்துப் போடுவது, நோயாளிகளைக் கவனிப்பது என்று ஏற்பாடு. பையன்கள் எட்டுப் பேர், அவர்களோடு சின்னச்சாமியார். பெண்பிள்ளைகள் ஆறு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். தாய்மார் விடமாட்டோம் என்றார்கள்.

"கொமருகள அக்கரைக்கு அனுப்பிட்டு நாங்க இங்கன தூங்கவா?" என்று கேட்டாள் பிலோமி. அவள் மகள் அமலி அந்த ஆறு பேரில் ஒருத்தி. பிலோமிக்கு அவள் ஒரே பிள்ளை.

"நான் கூடப் போறேன். ஆறு பேரையும் எண்ணிக் கூட்டிட்டுப் போயி, எண்ணி ஒங்க கையில ஒப்படைக்கேன்" என்றேன்.

தாய்மார் சரி என்றார்கள். பிலோமி மட்டும் அமலியின் கையைப் பிடித்து என் கையில் வைத்து, "செவத்தியக்கா சொல்லத் தட்டக்கூடாது, கேட்டியா?" என்றாள். அமலி தலையை ஆட்டினாள். அவள் அப்படித்தான். சொன்னால் கேட்கிற பிள்ளை.

தோணி ஏறுவதற்கு முன்னால் அம்மைக்கும் காலராவுக்கும் ஊசி போட்டார்கள். அக்கரையில் மலேரியா மறுபடி கிளம்பியிருக்கிறது, கொசுக்கடியால் வருவது என்று சொல்லி ஒரு டாக்டர் இரண்டு உறையில் மாத்திரை கொடுத்தார். ஒன்று பையன்களுக்காகச் சின்னச்சாமியாரிடம், ஒன்று பெண்பிள்ளைகளுக்காக என்னிடம். "ஞாயிறுதோறும் ஆளுக்கு ரெண்டு, மறக்கக்கூடாது. மற்றதெல்லாம் உறையில எழுதியிருக்கு" என்றார். உறையின் மேல் இங்கிலீசில் எழுதியிருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டிருக்கலாம். அத்தனை தாய்மாருக்கு முன்னால் எனக்கு வாய் வரவில்லை. உறையை வாங்கி மடியில் செருகிக்கொண்டேன்.

பெண்களைப் பார்த்ததும் தோணியை ஓட்டுகிற தண்டல் முகத்தைச் சுளித்தார். "பொம்பளைகள ஏத்தினா காத்து கோவிச்சுக்கிடுமே அம்மா."

"காத்துகிட்ட நான் பேசிக்கிடுதேன். நீரு பாயை ஏத்தும்" என்றேன்.

காற்று ஒன்றும் கோபிக்கவில்லை.

அக்கரையில் நடந்த வேலைகளைச் சின்னச்சாமியார் எழுதியிருக்கிறார். நான் மாத்திரையைப் பற்றித்தான் எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்று டாக்டர் சொன்னதால், பூசைக்குப் போகிற நாளின் மருந்து அது என்று நான் எடுத்துக்கொண்டேன். நாங்கள் பூசையில் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்கப் பழகிய காலத்தில் நடுச்சாமம் முதல் ஒன்றும் பல்லில் படக்கூடாது. இப்போது ஒரு மணி நேரம் பட்டினி இருந்தால் போதும் என்று மாற்றிவிட்டார்கள். அது எனக்கு ஒத்துவரவில்லை. என் கூட வந்த பிள்ளைகளைப் பழைய முறைப்படியே பட்டினியாகப் பூசைக்குக் கூட்டிப் போனேன். பூசை முடிந்ததும், அதே வெறும் வயிற்றோடு, கோயில் வாசலில் வரிசையாக நிறுத்தினேன். கையில் கொடுத்தால் எறிந்துவிடுவார்கள் என்று நாக்கை நீட்டச் சொல்லி, இரண்டு மாத்திரையையும் நானே நாக்கில் வைத்தேன். சாமியார் நன்மை கொடுக்கிற மாதிரியேதான். நானும் அவர்களுக்கு முன்னாலேயே இரண்டு போட்டுக்கொண்டேன்.

பையன்களுக்குச் சிரிப்பு. "ஏலே, செவத்தியம்மா ரெண்டாம் பூசை ஆரம்பிச்சிட்டாவ!" என்று ஒருவன் கத்தினான்.

மாத்திரை கசப்பு. வாங்கியதும் ஆறு பேரும் கோயிலுக்குப் பின்னால் இருந்த கிணற்றுக்கு ஓடுவார்கள், தண்ணீர் குடிக்க. இரண்டாம் ஞாயிறு அமலி மட்டும் திரும்பி வரும்போது கண்ணெல்லாம் நீராக வந்தாள்.

"மாமி, கஞ்சி குடிச்சிட்டு முழுங்கட்டா? வெறும் வயத்துல கொமட்டி வெளிய வந்துருது."

"ஆண்டவர வெறும் வயத்துலதான வாங்குத? மருந்து என்ன அவரவிடப் பெரிசா?"

மூன்றாம் ஞாயிறும் நான்காம் ஞாயிறும் வரிசையில் முதல் ஆளாக நின்று நாக்கை நீட்டினாள். எனக்கும்கூட இரண்டு தடவை குமட்டி வந்தது. அது கடல் பயணத்தின் பித்தம் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

ஊர் திரும்ப இரண்டு நாள் இருக்கும்போது, அடுப்பருகே உட்கார்ந்திருந்தவளுக்குக் குளிர் எடுத்தது. வெயில் கொளுத்துகிறது, எனக்குப் பல் தந்தியடிக்கிறது. மேலே மூன்று போர்வையைப் போட்டார்கள். பிறகு உடம்பு அடுப்பாகக் கொதித்தது. பிறகு வேர்த்துக் கொட்டி, ஒன்றுமே நடக்காத மாதிரி விட்டுவிட்டது. எழுந்து சோறு வடித்தேன். அதற்கு மறுநாள் ஒன்றுமில்லை. அதற்கும் மறுநாள் தோணியில் அதே நேரத்தில் மறுபடி குளிர். ஒருநாள் விட்டு ஒருநாள் வருவதால் இதை முறைக்காய்ச்சல் என்பார்கள். இனிப் போகிறவர்களுக்கு இப்படிக் குளிர், சூடு, வேர்வை என்று மூன்றும் அடுத்தடுத்து வந்தால், விட்டுவிட்டதே என்று எழுந்து வேலை பார்க்கவேண்டாம்.

தோணியில் படுத்தபடியே பிள்ளைகளை எண்ணினேன். ஐந்து வந்தது. மறுபடி எண்ணினேன், ஏழு வந்தது. ஏழாவது யார் என்று கேட்டேன். "நீங்கதான் மாமி" என்று யாரோ சிரித்தார்கள். யார் என்று தெரியவில்லை. கரை வந்ததும், இறக்கியதும் எனக்கு ஞாபகத்தில் இல்லை. துறைமுகத்தில் நின்று ஒவ்வொரு தாயின் கையிலும் ஒவ்வொருத்தியை ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு மாதமாக மனதில் வைத்திருந்தேன். ஒப்படைத்தேனா இல்லையா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியாது.

கண் விழித்தபோது ஆஸ்பத்திரியில் கிடந்தேன். வெள்ளைச் சுவர், இரும்புக் கட்டில், தலைமாட்டில் என் தம்பி கயித்தான். அவன் துறைமுகத்தில் சரக்கு எண்ணுகிறவன். சரக்குச் சீட்டு செருகி வைக்கிற அட்டையால் எனக்கு விசிறிக்கொண்டிருந்தான்.

"ஆறு பேரும் எறங்கிட்டாளுவளா?" என்று கேட்டேன்.

"எல்லாம் எறங்கியாச்சு. நீ பேசாத."

விரல் நுனியில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து எடுத்துப்போனார்கள். குளிர் நடுக்கம் இருக்கும்போதுதான் அந்தப் பூச்சி இரத்தத்தில் நன்றாகத் தெரியுமாம். அதற்காக மறுநாளும் பரிசோதனை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்காரவைத்துக் குளிருக்குக் காத்திருந்தார்கள். வராதே வராதே என்று ஜெபித்தவளுக்கு, அன்றைக்கு வரட்டுமே என்று இருந்தது. வந்தது. இடது பக்க விலாவுக்குக் கீழே அமுக்கிப் பார்த்த பெரிய டாக்டர், மண்ணீரல் வீங்கியிருக்கிறது, மலேரியாதான் என்றார். கொசு கடிக்கும்போது அந்தப் பூச்சி நம் இரத்தத்துக்குள் போய், ஈரலில் தங்கிப் பெருகி, இரத்தத்தை உடைத்துக்கொண்டு வருமாம். உடைக்கும்போதெல்லாம் குளிர்.

"மாத்திரை ஒழுங்கா போட்டீங்களாம்மா?"

"ஒரு ஞாயித்துக்கெழம விடல. ஆறு பேருக்கும் என் கையால நாக்குல வச்சேன்."

"போட்டிருந்தா வரக்கூடாதே" என்று சொல்லி அவர் கட்டிலில் தொங்கிய என் காய்ச்சல் அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். படித்தவருக்கே பிடிபடாதது எனக்கு எப்படிப் பிடிபடும்?

கொயினா மருந்து கொடுத்தார்கள். அதன் கசப்புக்கு முன்னால் பழைய மாத்திரை கருப்பட்டி. இரண்டாம் நாளிலிருந்து காதுக்குள் சீவண்டு கத்துகிற மாதிரி இரைச்சல். காய்ச்சல் ஏறும்போது அந்த இரைச்சல் மாறி மணியாகக் கேட்டது. நம் கோயில் மணி. ஒற்றை ஒற்றையாக, விட்டு விட்டு அடிக்கிற துக்க மணி.

"யாரு தவறிட்டா?" என்று தம்பி பெஞ்சாதி ரோசம்மாவிடம் கேட்டேன்.

"யாரும் தவறல மதினி."

"மணி அடிக்குதே."

"எனக்குக் கேக்கலியே."

வார்டைப் பார்த்துக்கொள்கிற கன்னியாஸ்திரி வந்து, "அது கொயினா செய்யுற வேலைம்மா. காதுக்குள்ள இரையும். மருந்த நிறுத்தினா போயிரும்" என்றார். மருந்துக்குத் துக்க மணி அடிக்கத் தெரியுமா என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன். நம் பக்கத்தில் படுக்கையில் கிடப்பவரிடம் சாவுச் செய்தி சொல்லமாட்டார்கள். என் வீட்டுக்காரரிடம் அவருடைய அண்ணன் செத்ததை இருபது நாள் மறைத்து வைத்தவள் நானே. எப்படி மறைப்பது, எப்படிச் சிரிப்பது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். இப்போது என்னைச் சுற்றி எல்லோரும் அப்படித்தான் சிரித்தார்கள்.

ரோசம்மா காலையில் ஒரு தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுவருவாள். மூடி சரியாக நிற்காததால் சிவப்பு நூலால் கட்டியிருக்கும். நம் வீட்டில் இப்படி ஒரு சட்டி இல்லையே என்று ஒருநாள் காய்ச்சலில் யோசித்தேன், பிறகு மறந்துவிட்டேன். "உப்பு தூக்கலா இருக்கு" என்று குறை சொல்லிக்கொண்டே முழுவதையும் குடித்துவிடுவேன். கயித்தான் சாயங்காலம் வருவான். மருந்துக் கடைச் சீட்டைச் சட்டைப்பைக்குள் ஆழமாகச் செருகிவிட்டுத்தான் உள்ளே வருவான். கட்டிலடியில் உட்கார்ந்து என் பாதத்தைத் தேய்த்துவிடுவான். சின்ன வயதில் நான் அவனை அடித்து வளர்த்தவள். அவன் கை என் காலில் படும்போது எனக்குக் கூச்சமாக இருக்கும். சொன்னால் நிறுத்திவிடுவான் என்று சொல்லவில்லை.

பிள்ளைகள் இரண்டு பேராக, மூன்று பேராக வந்தார்கள். யார் யார் வந்தார்கள் என்று விரல் மடக்கிக்கொண்டே இருந்தேன். ஜெசிந்தா, அவள் தங்கை, மற்ற மூன்று பேர். ஐந்து விரல் மடங்கியது. ஆறாவது விரல் நீட்டியே இருந்தது.

"ஏளா ஜெசிந்தா, அமலி எங்க?"

ஜெசிந்தா வாயாடி. எதைக் கேட்டாலும் கேள்வி முடிவதற்குள் பதில் வரும். அன்று கொஞ்சம் தாமதித்து, "வேம்பாருக்குப் போயிருக்கா மாமி, அவ சித்தி வீட்டுக்கு" என்றாள்.

மறுநாள் அவள் தங்கை தனியாக வந்தாள். அவளிடமும் கேட்டேன்.

"கீழவைப்பாருக்கு மாமி. ஒரு கலியாணம்."

"தவசு காலத்துல எந்தச் சாமியாருளா கலியாணம் வைக்காரு?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. நாங்கள் வந்து இறங்கிய வாரமே விபூதி புதன் வந்து தவசு காலம் தொடங்கியிருந்தது. அந்த நாற்பது நாளும் நம் கோயில்களில் கலியாணம் கிடையாது. பொய் சொல்ல வந்தவளுக்கு அது ஞாபகம் வரவில்லை. "வயத்தவலி" என்று சொல்லி ஓடியே போய்விட்டாள்.

சாயங்காலம் கயித்தானைக் கேட்டேன். அவன் தையல் வகுப்பு என்றான்.

வேம்பார், கீழவைப்பார், தையல் வகுப்பு. ஒரு பெண் மூன்று இடத்தில் எப்படி இருப்பாள்? காதுக்குள் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எனக்குக் கணக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன். அமலி இல்லை. தோணியிலேயே ஐந்து என்று எண்ணினேனே, அப்போதே போய்விட்டாள். கடலில் இறக்கிவிட்டார்களோ. பிறகு, இல்லை, அப்படியென்றால் ஏழு எப்படி வந்தது என்று குழம்பும். பிலோமி ஒருநாள்கூட என்னைப் பார்க்க வரவில்லையே என்று தோன்றும். வராதது ஏன் என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொள்வேன். ஜெபமாலையை எடுத்தால் எந்த மணியில் நிற்கிறேன் என்று தெரியாது. முப்பது வருஷம் எண்ணிய கை இது. காய்ச்சல் ஒரு பக்கம் இருக்கட்டும், உங்களுக்கு ஒரு சமாச்சாரம் சொல்கிறேன்: நோயாளியிடம் மறைக்காதீர்கள். மறைத்தால் அவர் இல்லாததெல்லாம் நினைப்பார்.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, காலை பதினொரு மணி இருக்கும், காய்ச்சல் இல்லாத முறை. பெரிய டாக்டர் ஒரு காகிதத்தோடு வந்தார், கூடவே கன்னியாஸ்திரி. ஜெசிந்தா அப்போதுதான் எனக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். மாத்திரை போட்டும் காய்ச்சல் வந்தது ஏன் என்று சுகாதார அலுவலகத்துக்கு எழுத வேண்டுமாம்.

"மாத்திரைய எத்தனை மணிக்குப் போடுவீங்க? சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழிச்சு?"

"சாப்பிட்டா? பூசை முடிஞ்ச உடனே. வெறும் வயத்துல."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "வாந்தி வந்துச்சா?"

"வரும். கசப்புல்லா."

"அம்மா, வாந்தியில மாத்திரையும் வெளிய போயிருமே. சாப்பிட்ட பிறகுன்னு உறையிலயே எழுதியிருக்குமே." பிறகு அவர் தனக்குள் பேசுகிற மாதிரி, "அப்ப ஆறு பேருக்கும்ல வந்திருக்கணும்" என்றார்.

தலை வாரிய சீப்பு நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். ஜெசிந்தா அழுதுகொண்டிருந்தாள்.

"நாங்க அஞ்சு பேரும் துப்பிட்டோம் மாமி."

"என்னத்த?"

"மாத்திரைய. கன்னத்துல ஒதுக்கி வச்சுக்கிட்டு கெணத்துக்குப் போயித் துப்பிருவோம். முந்தானையில முடிஞ்சு வச்சு, கஞ்சி குடிச்ச பொறவு முழுங்குவோம். பையன்க சாப்பிட்டுட்டுத்தான் போடுதாங்கன்னு கண்டோம். ஒங்ககிட்டச் சொல்லப் பயந்துட்டு..." மூக்கை உறிஞ்சினாள். "அமலியையும் துப்பச் சொன்னோம். மாமிக்குத் தெரியாமச் செய்யமாட்டேன்னுட்டா. அவ மட்டும்தான் ஒவ்வொரு வாரமும் முழுங்கி முழுங்கி..."

அங்கே நிறுத்திக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மறைக்கச் சொல்லியிருந்தது அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"இருக்காளா?" என்று கேட்டேன்.

கன்னியாஸ்திரிதான் சொன்னார். அமலி இருக்கிறாள். இதே ஆஸ்பத்திரியில், இந்த வராந்தாவின் கடைசி அறையில். நான் வந்த மூன்றாம் நாள் கொண்டுவந்தார்களாம். அவளுக்குக் காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது. மலேரியாவில் அப்படி ஒரு வகை உண்டு, ஆளை அடையாளம் தெரியாமல் பண்ணிவிடும், வலிப்பு வரும், சிலர் விழிக்கமாட்டார்கள். கை நரம்பு வழியாகக் கொயினா ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆறு நாளாக நினைவு திரும்பவில்லை.

நான் எழுந்தேன். வேண்டாம் என்றார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். இருபது முப்பது அடி வைத்திருப்பேன். முழுவதையும் எண்ணவில்லை.

கடைசி அறை வாசலில் பச்சைத் துணித் தடுப்பு. அதற்கு வெளியே முக்காலியில் பிலோமி உட்கார்ந்திருந்தாள். அவள் காலடியில் அந்தத் தூக்குச்சட்டி. மூடியில் சிவப்பு நூல்.

"ஒனக்கு முந்தியே தெரியுமா, நான் இங்கன கெடக்கது?"

"தெரியாம என்ன. ரோசம்மாகிட்டக் கஞ்சி கொடுத்து விடுததே நான்தான அக்கா. தெனமும் இவளுக்குன்னு காய்ச்சுதேன். இவ முழுங்க மாட்டேங்கா. நீங்களாவது குடிக்கட்டும்னு." தடுப்புத் துணியைச் சரி செய்தாள். "இவ கெடக்கத ஒங்ககிட்டச் சொல்லாதியன்னு சொன்னதும் நான்தான். கேட்டா ஒங்களுக்குக் காய்ச்சல் எறங்காது."

உப்பு தூக்கல் என்று நான் குறை சொன்ன கஞ்சி.

தடுப்பை விலக்கிப் பார்த்தேன். அமலியின் உதடு வெடித்திருந்தது. கண் பாதி திறந்திருந்தது, ஆனால் பார்வை இல்லை. கையில் ஊசி. இவளையும் எண்ணினால் ஆறு, ஆனால் எப்படி எண்ணுவது?

பேசாமல் என் கட்டிலுக்குத் திரும்பியிருக்கலாம். டாக்டரும் ஜெசிந்தாவும் சொல்லாவிட்டால் பிலோமிக்குத் தெரியாது. ஒரு நிமிஷம் அப்படியும் நினைத்தேன். இதை எழுதாமல் விட்டால் நான் சொல்வது கோணலாகிவிடும்.

"பிலோமி, மாத்திரைய வெறும் வயத்துல கொடுத்தேன். சாப்பிட்ட பொறவுன்னு உறையில எழுதியிருந்திருக்கு. எனக்குப் படிக்கத் தெரியல. கேக்கவும் இல்ல. ஒம்மொவ கொமட்டுதுன்னு சொன்னா. நான் கேக்கல."

அவள் முக்காலியிலிருந்து எழுந்தாள்.

"மத்த அஞ்சு பேரு?"

"துப்பிட்டாளுவ. சாப்பிட்டுட்டு முழுங்கியிருக்காளுவ."

"எம்மொவ துப்பலியா?"

"துப்பல."

"ஒங்க பேச்சத் தட்டாதன்னு நான்தான சொல்லி விட்டேன்" என்றாள். குரல் உயரவில்லை. முகத்தை மகள் பக்கம் திருப்பிக்கொண்டாள். கன்னியாஸ்திரி என் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்.

அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் முறை இல்லை. ஆனாலும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். எனக்குப் பிடிபடாதது இதுதான்: சொன்னதைக் கேட்காமல் துப்பியவர்கள் குத்துக்கல் மாதிரி இருக்கிறார்கள். சொன்னதைக் கேட்டவள் கிடக்கிறாள். நான் வளர்ந்ததும் பிள்ளைகளை வளர்த்ததும் வேறு மாதிரி. பாவசங்கீர்த்தனம் கேட்க வந்த சாமியாரிடம் இதைக் கேட்டேன். தெரியாமல் செய்தது பாவமில்லை என்றார். நான் கேட்டது அதையல்ல. ஜெசிந்தாவுக்கும் இதே குழப்பம். "நான் பொய் சொன்னதுக்கு நல்லாயிருக்கேன், மாமி. இத எப்படிப் பாவசங்கீர்த்தனத்துல சொல்லுதது?" என்று கேட்டாள். "போயி மொதல்ல அமலிக்காக ஜெபம் பண்ணுளா" என்று அனுப்பினேன்.

மறுநாள் காலையில் தூக்குச்சட்டி வருமா வராதா என்று வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். வராவிட்டால் அதுதான் நியாயம் என்று நினைத்தேன். ரோசம்மா வந்தாள். கையில் சட்டி. சிவப்பு நூல்.

"என்னமும் சொன்னாளா?"

"ஒரு வார்த்தை பேசல மதினி. சட்டிய நீட்டினா, வாங்கிட்டு வந்தேன்."

குடித்தேன். அன்றைக்கு அதில் உப்பே இல்லை.

அப்படியே நான்கு நாள். எனக்குக் காய்ச்சல் நின்றுவிட்டது. காதில் மணி குறைந்து, சீவண்டாகி, அதுவும் போனது. ஈரலில் ஒளிந்திருக்கிற பூச்சிக்காக இன்னும் பதினான்கு நாள் வேறு ஒரு மாத்திரை, சாப்பிட்ட பிறகு. இப்போதெல்லாம் எந்த உறையைக் கொடுத்தாலும் வாசித்துச் சொல்லச் சொல்லித்தான் வாங்குகிறேன், யார் முன்னால் என்றாலும் சரி. வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர். நான் போகவில்லை. வராந்தா பெஞ்சில், கடைசி அறைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டேன். கயித்தான் கூப்பிட்டுப் பார்த்தான்.

"கணக்கு முடியல. ஒப்படைக்காம எப்படி வாரது?" என்றேன். சரக்கு எண்ணுகிறவனுக்கு அது புரிந்தது. அட்டையை விசிறச் சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

பிலோமி அறைக்குள்ளே, நான் வெளியே. இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. அவள் வெளியே போகும்போது தடுப்பை முழுவதும் மூடாமல், நான் உட்கார்ந்த இடத்திலிருந்து கட்டில் தெரிகிற அளவுக்கு விட்டுப்போவாள். வேண்டுமென்று செய்தாளா, தானாக நடந்ததா, எனக்குத் தெரியாது.

ஐந்தாம் நாள் மத்தியானம் அமலி தண்ணீர் கேட்டாள். தன் தாயைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றாள். பிலோமி வெளியே வந்து சுவரில் முகத்தை வைத்து அழுதாள். அதுவும் சில நாள் இருக்கும், பிறகு தெளியும் என்றார் டாக்டர். மறுநாள் அம்மா என்றாள். அதற்கு மறுநாள் ஜெசிந்தாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். நாங்கள் ஊர் திரும்பியதே அவளுக்குத் தெரியவில்லை, தோணி எப்போது என்று கேட்டாள்.

நரம்பில் ஏற்றுவதை நிறுத்தி, வாய்வழியாக மாத்திரை கொடுக்கச் சொன்ன நாள் காலையில் கன்னியாஸ்திரி ஒரு சின்னத் தட்டில் இரண்டு மாத்திரையோடு வந்தார். தடுப்புக்கு முன்னால் நின்று, உள்ளே இருந்த பிலோமியைப் பார்த்தார், வெளியே இருந்த என்னையும் பார்த்தார். பிலோமி எழுந்து தடுப்பை முழுவதும் தள்ளினாள்.

நான் உள்ளே போனேன். தட்டு என் கைக்கு வந்தது. அமலிக்குத் தலையணை வைத்து உட்காரவைத்திருந்தார்கள். முடி கொட்டி, முகம் ஒரு கைப்பிடியாகச் சுருங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் யோசித்தாள். என் கையில் இருந்ததைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடி, நாக்கை நீட்டினாள்.

கோயில் வாசலில் நிற்கிற மாதிரியே. முதல் ஆளாக.

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"நாக்க உள்ள போடுளா" என்றேன். "மொதல்ல கஞ்சியக் குடி."

அவள் கண்ணைத் திறந்து தாயைப் பார்த்தாள், இது சரிதானா என்று கேட்கிற மாதிரி. பிலோமி குனிந்து தூக்குச்சட்டியை எடுத்தாள். சிவப்பு நூலை அவிழ்த்து, மூடியைத் திறந்து, கரண்டியை என்னிடம் நீட்டினாள்.